சிலாஸ் வெட்டிய கதவு

சிலாஸ் செய்யும் இரும்புச் சிற்பங்களுக்கு முகமோ கையோ கிடையாது. வளைந்த தகடு, முறுக்கிய கம்பி, நடுவே ஒரு வெற்றிடம், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம் வெல்டராக இருந்தவர் வேலையை விட்டுவிட்டு, மௌலா அலி பகுதியில் தன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு இதில் இறங்கியபோது, மனைவி மெட்டில்டா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஐம்பத்தாறு வயதில்தான் முதல் கண்காட்சி வாய்த்தது. செகந்திராபாத்தில் ஒரு சிறிய கூடம். நடுவில் நின்றது ஒரு இரும்புக் கதவு. உப்பல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடுத்தது. தீயில் வெந்து வெளிப்பக்கமாகப் புடைத்திருந்த அந்த வளைவு அவரை மயக்கிவிட்டது. மூன்றாக வெட்டி, திருப்பி ஒட்டியிருந்தார்.

இரண்டாம் நாள் மதியம், பக்கத்து அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஷோபா எட்டிப் பார்த்தாள். கதவின் பின்னால் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். தகட்டில் யாரோ உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்த ‘ஹர்ஷிதா’ என்ற பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு பேரு அண்ணா. அவ அப்பா குத்துனது. போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாரு."

"உங்க வீட்டுக்காரரா?"

"ஹவ், அவருதான். பெயின்ட் கம்பெனில தீப்பிடிச்சப்ப உள்ள மாட்டிக்கிட்டாரு. வெளியில தாழ் போட்டிருந்துச்சுன்னு கேஸ் நடக்குது. முதலாளி தாழே போடலைங்கறான். கதவையே காணோம்னுட்டாங்க." அவள் முன்பக்கம் வந்து தேடினாள். "தாழ்ப்பாள் எங்கண்ணா?"

சிலாஸ் கதவைக் கடையில் எடுத்தபோது, நிலையோடு பிய்ந்து வந்த கொண்டிக்குள் தாழ் போட்டபடியே வளைந்து இறுகிக் கிடந்தது. வளைவைக் கெடுக்கிறதென்று அரை நாள் உட்கார்ந்து கிரைண்டரால் தேய்த்து வழவழப்பாக்கியவர் அவர்தான்.

"தாழ் போட்டுத்தாம்மா இருந்துச்சு. நாந்தான் தேய்ச்சு எடுத்துட்டேன்."

ஷோபா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிலாஸ் தானே போய்ச் சாட்சி சொன்னார். வெட்டுவதற்கு முன் படம் எடுத்து வைத்திருக்கவில்லை. "இதில் எது கதவு, எது உங்கள் கற்பனை?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டபோது இரண்டொருவர் சிரித்தார்கள். எட்டு மாதம் கழித்து முதலாளி விடுதலையானான்.

கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஷோபாவிடம் போய் நின்றார்.

"நீங்க பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "ஆனா இனிமே என் கண்ணுல படாதீங்கண்ணா."

சரியம்மா என்று தலையசைத்தார். வீட்டுக்கு வந்ததும் கொட்டகையைப் பூட்டினார். மெட்டில்டா சோறு போட்டு வைத்தாள். அவர் சாப்பிடவில்லை.