வேப்பர் வீட்டு அன்புச்செல்வன்

திண்டிவனத்தில் வாடகைக் கார் ஓட்டும் அன்புச்செல்வனுக்கு முழுப்பெயர் அன்புச்செல்வன் வேபர். அவர் குடும்பத்தை ஊரில் ‘வேப்பர் வீடு’ என்பார்கள். எந்தக் காலத்திலோ வாசலில் நின்ற வேப்பமரத்தால் வந்த பெயர் என்றுதான் நாற்பத்தாறு வயது வரை அவர் நம்பியிருந்தார்.

போன மார்கழியில் சென்னை விமான நிலையத்திலிருந்து ஒரு ஜெர்மன்காரப் பெண்மணியைப் பொம்மையார்பாளையம் விடுதிக்கு ஏற்றி வந்தார். காரில் ஒட்டியிருந்த ஓட்டுநர் அட்டையைப் படித்த அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வேபரா? இது எங்கள் நாட்டுக் குடும்பப் பெயர் ஆயிற்றே. உங்களுக்கு எப்படி வந்தது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வாசலில் நின்ற வேப்பமரத்தால் வந்தது என்று அன்புச்செல்வன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். திரும்பி வரும் வழியில் இரண்டு முறை வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்தார்.

அதன் பிறகு அவருக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சவாரி இல்லாத நேரமெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் அலைந்தார். உள்ளே வேபர் என்று எழுதிய கல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய தாத்தா தாவீதுடையது. தாத்தாவின் அப்பன் யார் என்று கேட்டால் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு போனில் ஜெர்மனியின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

அவர் மனைவி ஆரோக்கியசெல்விக்கு எரிச்சல் வந்தது. மகள் இளவரசிக்கு வைகாசியில் கல்யாணம். விழுப்புரத்து ராயப்பன் மகன்தான் மாப்பிள்ளை.

“பொண்ணு கல்யாணத்த வச்சிக்கினு எந்த வெள்ளைக்காரனத் தேடிக்கினு இருக்கீங்க? பேஜாரு புடிச்ச வேலையா இருக்குது. பத்திரிகை அடிக்கணும், ஜல்தி கெளம்புங்க.”

அவர் கிளம்பினார், ஆனால் அச்சகத்துக்கு அல்ல. விழுப்புரத்தில் இருந்த அத்தை லூர்துமேரி வீட்டுக்கு. அப்பாவின் அக்கா அவர். தாவீதுக்கு உயிரோடு இருக்கும் ஒரே பிள்ளை. முதல் தடவை அத்தை வேர்க்கடலை வறுத்துக் கொடுத்து, “மல்லாட்டை துன்னு” என்று பேச்சை மாற்றினார். அடுத்த தடவை தலைவலி என்று படுத்துக்கொண்டார். மூன்றாவது தடவை அன்புச்செல்வன் உட்காரவே இல்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

“அத்தை, எங்க தாத்தா வெள்ளைக்காரனுக்குப் பொறந்தவரா? அத மட்டும் சொல்லிடு. நான் போய்க்கினே இருக்கேன்.”

“அடச்சீ! கழுதை! அப்படி எவன் சொன்னான்?” அத்தை எழுந்து கதவைச் சாத்தினார். “உக்காரு. நீ நடக்கறதப் பாத்தா எனக்குத் தலைய சுத்துது.”

அவர் உட்கார்ந்தார்.

“திண்டிவனத்துல மல்லாட்டை வாங்கி கப்பலுக்கு அனுப்புற ஜெர்மன்காரரு ஒருத்தரு இருந்தாரு. வேபர் தொர. அவருக்கும் அவரு சம்சாரத்துக்கும் புள்ள இல்ல. ஒரு நாளு இந்த விழுப்புரம் டேசன்ல ரயிலுக்கு நிக்கறப்ப ஒரு புள்ள தனியா அழுதுக்கினு நின்னுச்சாம். பேரு கேட்டா சொல்லத் தெரியல. ஊரு கேட்டா தெரியல. யாரும் தேடியும் வரல. அந்தம்மா தூக்கிக்கினு போயி வளத்தாங்க. அதான் எங்கப்பா.”

“அப்புறம்?”

“இங்கிலீஷ்காரனுக்கும் ஜெர்மனிக்கும் சண்ட வந்துச்சு. ஜெர்மன்காரங்கள எல்லாம் சர்க்காரு புடிச்சிக்கினு போச்சு. எங்கப்பா குதிரை வண்டி பின்னாலயே ஓடினாராம். அந்தம்மா எறங்கி வந்து, ‘வேபர்ங்கற பேர விட்டுடாத. அந்தப் பேரச் சொல்லித்தான் உன்ன வந்து தேடுவோம்’னு சொன்னாங்களாம். அவங்க வீட்டு சமையக்காரரு சவரிமுத்துதான் அப்புறம் எங்கப்பாவக் கூட வச்சி வளத்தாரு. யாரும் வரல. அப்பா சாகுற வரிக்கும் அந்தப் பேர விடல.”

 அன்புச்செல்வன் கேட்டார்: “இத ஏன் அத்தை மறைச்சீங்க?”

“யாரு பெத்த புள்ள, என்ன சாதின்னே தெரியாதுன்னு சொன்னா எங்களுக்குக் கல்யாணம் ஆயிருக்குமா? நீயும் வாயத் தெறக்காத. வைகாசி முடியட்டும்.”

அந்த வாரம் முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை. சரியாகத் தூங்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். இளவரசி கேட்டுவிட்டு, “அவங்ககிட்ட சொல்லிடுங்கப்பா. பின்னாடி தெரிஞ்சா நான்தான் பதில் சொல்லிக்கினு இருக்கணும்” என்றாள்.

அன்று மாலையே சம்பந்தி வீட்டுக்குப் போனார். ராயப்பனும் அவர் அண்ணனும் இருந்தார்கள். கொடுத்த காபியைத் தொடாமலே சொல்லி முடித்தார். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். 

“பையன்கிட்ட பேசிட்டு சொல்றேங்க” என்றார் ராயப்பன்.

நாலு நாள் போன் வரவில்லை. ஆரோக்கியசெல்வி புருஷனோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் ராயப்பனே கூப்பிட்டார். “பத்திரிகை அடிச்சிடுங்க சம்பந்தி. எங்க அண்ணன் பேரப் போட வேணாம். அவரு வரமாட்டாரு.”

கல்யாணம் நடந்தது. சொன்னபடியே அண்ணன் வரவில்லை; அவர் வீட்டுப் பெண்கள் மட்டும் வந்து, பந்தியில் உட்காராமல் போனார்கள். இளவரசி அதைப் பார்த்தாள்.

இப்போது அன்புச்செல்வன் ஜெர்மனியைத் தேடுவதில்லை. அதற்குப் பதில் வேறொன்று அவரைப் பிடித்து ஆட்டுகிறது. விழுப்புரம் பக்கம் சவாரி போனால் ஜங்ஷனுக்குள் நுழைந்து, பிளாட்பாரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்கிறார். கூட்டத்தில் குழந்தை ஏதாவது அழுதால் நின்று, அதன் தாய் வந்து தூக்கும் வரை நகர மறுக்கிறார். தாத்தாவைத் தொலைத்தவள் எந்த ரயிலில் ஏறினாள், கூட்டத்தில் தவறவிட்டாளா, வேண்டுமென்றே விட்டுப் போனாளா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியப் போவதும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் போகிறார்.