காய்ச்சல் என்று எழுதித் தராத டாக்டர்

செவ்வாய்க்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது, க்ளினிக் கவுண்டரில் வேலை பார்க்கும் ஃபரிதா போன் செய்தாள். "அக்கா, டாக்டர் போயிட்டாங்க. தூக்கத்துலயே." மீன்காரர் பையை நீட்டியிருக்கிறார். வாங்காமலேயே வந்துவிட்டேன் என்பது வீட்டில்தான் தெரிந்தது.

ஃபேரர் பார்க் பக்கம், அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் இருந்த டாக்டர் வசந்தாவின் க்ளினிக்கில் பத்தொன்பது வருடம் துப்புரவு வேலை பார்த்தவள் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நான் எழுதும் இதில் பிழை இருந்தால், அவரைத் தெரிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதவில் தொங்கிய அட்டை உங்களுக்கு நினைவிருக்கும். எத்தனை பேர் காத்திருந்தாலும் பதினொரு மணிக்குக் கதவைச் சாத்தி அதைத் தொங்கவிடுவார். "டாக்டர் தேநீர் குடிக்கிறார். பத்து நிமிடம்." அந்தத் தமிழ் வரி என் கையெழுத்து. "உங்க எழுத்துதான்க்கா உருண்டையா இருக்கு" என்று என்னை எழுத வைத்தார்.

"இங்க இருமி இருமி உயிர் போவுது, அவங்களுக்கு டீ கேக்குதுலா" என்பார் ஒரு மாமா. எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஒருநாள் குப்பைக்கூடையை எடுக்கத் தட்டாமல் உள்ளே போய்விட்டேன். தேநீரில் ஆடை படிந்திருந்தது. மேசையில் தலை சாய்த்து அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கண்ணைத் துடைக்கவில்லை.

"காலையில ஒருத்தர்கிட்ட புத்துநோய்னு சொன்னேன். அடுத்த ஆளு உள்ள வந்ததும் சிரிச்சேன். இந்தப் பத்து நிமிஷம் இல்லேன்னா முகமே கழண்டு விழுந்துடும்க்கா."

யாரிடமும் நான் சொல்லவில்லை. புரிந்துகொள்ளவும் இல்லை.

என் பேத்தி யாழினி டாக்டரானபோது எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய மருத்துவமனையில் முப்பது மணி நேரம் நின்றுவிட்டு அவள் வீட்டுக்கு வருவாள். அதற்குள் ஸ்கேன் ரிப்போர்ட்டும் மாத்திரைப் பையுமாக அண்டைவீட்டாரைக் கூடத்தில் உட்கார வைத்திருப்பேன். காலணியைக்கூடக் கழற்றாமல் பார்த்துக் கொடுப்பாள். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் இருப்பாள். பக்கெட் நிரம்பி வழியும் சத்தம் கேட்கும். குளிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் சொன்னாள்: "பாட்டி, வார்டு கதவத் தொறக்க முடியாம வெளியவே நிக்கிறேன். மனநல டாக்டரப் பாக்கணும். கொஞ்ச நாள் லீவு வேணும்."

"யார்கிட்டயும் சொல்லிடாத" என்றேன். என் வாயில் முதலில் வந்தது அதுதான்.

மறுநாள் தேநீர் வேளையில் நானே டாக்டரின் கதவைத் தட்டினேன். "டாக்டர், புள்ளைக்குக் காய்ச்சல்னு லீவுக்கு ஒரு எம்.சி. சீட்டு எழுதிக் குடுங்க."

"காய்ச்சலா?"

"இல்ல. ஆனா அப்படி எழுதுனா நல்லது."

பேனாவை மூடி வைத்தார். "அவ வயசுல நானும் காய்ச்சல்னுதான் எழுதி வாங்கினேன்க்கா. மூணு நாள் குடுத்தாங்க. நாலாவது நாள் ஆஸ்பத்திரி வாசல்ல காருக்குள்ள உக்காந்திருந்தேன், எறங்க முடியல. காய்ச்சல் போயிடுச்சேன்னு எல்லாரும் நெனச்சாங்க. எனக்கு என்னன்னு யாருக்கும் தெரியல, நான்தான் சொல்லலையே. ரெண்டு வருஷம் அப்படியே ஓட்டினேன்." மூடிய பேனாவை இழுப்பறைக்குள் போட்டார். "பொய்ச் சீட்டு நான் தர மாட்டேன். அவள வரச் சொல்லுங்க. உள்ளத உள்ளபடி எழுதித் தர்றேன்."

அன்று எனக்குக் கோபம்தான். இத்தனை வருடம் கூட்டிப் பெருக்கியவளுக்கு இந்த ஒரு உதவி செய்யக் கூடாதா என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். ஆனாலும் யாழினியை அனுப்பினேன். ஒன்றரை மணி நேரம் உள்ளே இருந்தாள். வெளியே அட்டை தொங்கியது. இருமல் மாமா மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நான்கு மாதம் விடுப்பு. அக்கம்பக்கத்தில் மட்டும் காய்ச்சல் என்றே சொல்லிவைத்தேன். சிகிச்சை இன்னும் நடக்கிறது. யாழினி வேலைக்குத் திரும்பிவிட்டாள். களைப்பாகத்தான் வருகிறாள், ஆனால் இப்போது குழாயைத் திறந்துவிடுவதில்லை. அழுவதென்றால் கூடத்திலேயே அழுகிறாள்.

டாக்டரின் இறுதிச் சடங்கன்று ஃபரிதா அந்த அட்டையை என் கையில் கொடுத்தாள். மூலைகள் மடங்கி, என் எழுத்து மங்கியிருந்தது. நேற்று யாழினி வேலை முடிந்து வந்ததும் அதை எங்கள் வாசல் கதவில் தொங்கவிட்டேன். எதிர்வீட்டு ராஜம்மா ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்து நின்றாள்.

"பேத்தி வந்துட்டா போலிருக்கே. நாலு மாசம் காய்ச்சல்னீங்க, இப்ப சரியாயிடுச்சா?"

"காய்ச்சல் இல்ல ராஜம்மா. மனசு ஓஞ்சு போச்சு, அதுக்கு டாக்டரப் பாக்கறா. நீ தாள எடுத்துக்கிட்டு க்ளினிக்குக்குப் போ."

அவள் அட்டையைப் படித்தாள். "பத்து நிமிஷம்னுதான போட்டிருக்கு, நிக்கிறேன்."

"இங்க நாள் பூரா பத்து நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தேநீர் போட்டேன்.