யாருக்கும் நஷ்டமில்லாத தோல்வி

ஜூலை பிறந்தால் எங்கள் ஆய்வகத்தில் ஒருவருக்காவது பைத்தியம் பிடிக்கும். போன வருடம் ஜோலின் வோய்டாசிக்கின் முறை. மருத்துவப் பட்டமும் ஆராய்ச்சிப் பட்டமும் சேர்ந்த எட்டு வருடப் படிப்புக்குப் பதினேழு பள்ளிகளில் விண்ணப்பித்திருந்தாள். பொது விண்ணப்பம் போனதும் ஒவ்வொரு பள்ளியும் தன் சொந்தக் கேள்விகளை அனுப்பும். இரண்டு வாரத்தில் கட்டுரைகள் திரும்பிப் போக வேண்டும். தாமதித்தால் ஆர்வமில்லாதவள் என்று கணக்கு.

ஜோலின் எங்கள் பஃபலோ நகரத்துப் பெண். பத்தொன்பது வயதிலிருந்து டயாலிசிஸ் மையத்தில் வேலை செய்துகொண்டே கல்லூரி முடித்தவள். "என் கிட்னி மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் போச்சு?" என்று நாற்காலியில் கிடப்பவர்கள் அவளைக் கேட்பார்கள். அவளுக்குத் தெரியாது. டாக்டர்களுக்கும் தெரியாது என்பது தெரிந்த பிறகுதான் ஆராய்ச்சிக்கு வந்தாள். எங்கள் ஆய்வகத்தை நடத்தும் லோவெல் ப்ரூயிட்டிடம் சிறுநீரகத் திசுவில் வேலை. சாமான் வாங்குவதிலிருந்து சண்டை தீர்ப்பது வரை அங்கே என் பொறுப்பு.

சாப்பாட்டு நேரத்தில் கோழிச் சிறகைக் கடித்தபடி கேள்விகளை எனக்குப் படித்துக் காட்டுவாள்.

"மார்னி, இதக் கேளு. எங்கள் பள்ளியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? நான் எங்க தேர்ந்தெடுத்தேன்? அவங்க எடுத்துக்கிட்டா போவேன், அவ்வளவுதான்!"

"அப்படியே எழுதிடு."

"ஆயிரம் எழுத்து வேணுமாம். இது நூறுகூட வராது. இன்னொருத்தன் யாருகிட்ட வேலை செய்ய ஆசைன்னு மூணு பேராசிரியர் பேர் கேக்குறான். ஒருத்தரப் பத்தி ரெண்டு நாள் படிச்சு எழுதினேன். ஆளு போன வருஷமே கம்பெனிக்குப் போயிட்டாரு. வெப்சைட்ல மட்டும் இன்னும் சிரிச்சுக்கிட்டு நிக்கிறாரு."

அவள் மிகவும் விரும்பிய பள்ளி ஒன்று இருந்தது. சிறுநீரக ஆய்வில் பேர் பெற்றது. அது கேட்டது: ஆராய்ச்சியில் நீங்கள் கண்ட தோல்வி எது, அதிலிருந்து என்ன கற்றீர்கள்?

ஜோலின் உண்மையை எழுதினாள். பழுதான சிறுநீரகச் செல்களில் ஒரு புரதம் கூடுகிறது என்று நான்கு வருடம் முன்பு லோவெல் கட்டுரை வெளியிட்டிருந்தார். சாயம் போட்டால் அது ஒளிரும். பழைய சாயப் புட்டி தீர்ந்து புதியது வந்ததும் ஒளி வரவில்லை. ஜோலின் பதினோரு முறை செய்து பார்த்தாள். வரவே இல்லை. அப்படியானால் முன்பு ஒளிர்ந்தது பழைய புட்டியின் கோளாறாக இருக்கலாம், லோவெலின் முடிவே தவறாக இருக்கலாம். "ஏழாவது முறையே வெளியில் சொல்லியிருக்க வேண்டும். அதுவரை என் கையை மட்டுமே சந்தேகித்தேன், சாயத்தைச் சந்தேகிக்கவில்லை. அதுதான் என் தோல்வி" என்று முடித்திருந்தாள். இருபது வருடத்தில் நான் படித்த கட்டுரைகளில் இவ்வளவு நேர்மையானது வேறில்லை.

சிபாரிசுக் கடிதம் தருவதற்கு முன் எல்லாக் கட்டுரைகளையும் படிப்பது லோவெலின் வழக்கம். வழிகாட்டியின் கடிதம் வராமல் எந்தப் பள்ளியும் கோப்பைத் திறக்காது.

"எழுத்து அருமை, ஜோலின். ஆனா இது உன் தோல்வி இல்லையே. என் கட்டுரையப் பத்தின புகாரு."

"புகார் இல்ல, லோவெல். நடந்தது."

"இன்னும் முடிவாகாத விஷயம். குளிர்காலத்துல ஃப்ரீசர் நின்னு உன் திசுவெல்லாம் உருகிச்சே, அத எழுது. பிரமாதமான தோல்வி."

"அதுல நான் எங்க தோத்தேன்? தோத்தது ஃப்ரீசர்!"

"எழுதி அனுப்பும்மா. இன்னிக்கே கடிதத்த ஏத்திடறேன்."

குரலைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது. லோவெல் கெட்டவரல்ல, அவர் கெட்டவராக இருக்க வேண்டிய தேவையே இல்லை. ஒருவர் கையெழுத்தில் இன்னொருவரின் எட்டு வருடத்தைத் தொங்கவிட்டு, உன் தோல்வியை மனம் திறந்து சொல் என்று கேட்கிறார்களே, அந்த ஏற்பாடே போதும். விஞ்ஞானத்தில் ஒரு முடிவு பொய்த்தால் முதலில் கூவ வேண்டியது அந்த ஆய்வகம்தான். இங்கே கூவியவளுக்கு எழுத்துத் திருத்தம் கிடைத்தது.

"மாத்தாதே" என்றேன்.

"உனக்கென்ன மார்னி, உன் வேலை உங்கிட்ட இருக்கு."

ஃப்ரீசர் கட்டுரை போனது. அதிலிருந்து அவள் பொறுமை, முன்னெச்சரிக்கை, ஒத்துழைப்பு மூன்றும் கற்றாளாம்.

அக்டோபரில் அந்தப் பள்ளி நேர்காணலுக்கு அழைத்தது. எதிரே எஸ்டெவெஸ் என்ற சிறுநீரக மருத்துவர். நடந்ததை ஜோலின் வந்து சொன்னாள்.

"இந்த வருஷம் இது எனக்கு ஒன்பதாவது ஃப்ரீசர்," என்றாராம் அந்த அம்மாள். "நாட்டுல கரண்டே இல்லையோன்னு பயமா இருக்கு. உன்னோட தோல்வின்னு ஏதாச்சும் இருக்கா?"

ஜோலின் சாயத்தின் கதையைச் சொன்னாள். எஸ்டெவெஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இருபது நிமிடம் குடைந்து குடைந்து கேட்டார். பிறகு, "இத ஏன் எழுதல?"

"எழுதினேன். எடுத்துட்டேன்."

"ஏன்?"

காரணம் சொன்னால் கோப்பில் இருக்கும் லோவெலின் கடிதத்தின் மேலேயே சந்தேகம் விழும். ஜோலின் ஒரே சொல் சொன்னாள்: "பயம்."

"எனக்கு உன்னப் புடிச்சிருக்கு," என்றார் எஸ்டெவெஸ். "ஆனா கமிட்டியில மத்தவங்க முன்னால இருக்கப் போறது ஃப்ரீசர்தான்."

மார்ச்சில் அந்தப் பள்ளி மறுத்தது. மற்ற பதினாறில் எதுவும் கிடைக்கவில்லை.

இந்த ஜூன் மாதம் விண்ணப்பம் மறுபடி திறந்த அன்று ஜோலின் லோவெலின் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது.

"லோவெல், இந்தத் தடவ கட்டுரைய உங்களுக்குக் காட்டப் போறதில்ல. கடிதம் தருவீங்களா?"

"யோசிக்கணும்."

"யோசிங்க. அந்தப் பதினோரு சோதனையையும் போட்டு ஒரு சின்ன ஆய்வுக் கட்டுரை எழுதிக்கிட்டிருக்கேன். ஆசிரியர் வரிசையில கடைசியா, ஆய்வகத் தலைவர் இடத்துல, உங்க பேரு போடவா, வேண்டாமா? அதையும் சேத்து யோசிங்க."

பதிலுக்கு நிற்காமல் வெளியே வந்தாள். என் மேசையிலிருந்த காப்பியை எடுத்து முழுவதும் குடித்துவிட்டாள்.

இப்போது ஆகஸ்ட். பதினேழு பள்ளிகளுக்கும் கட்டுரைகள் போய்விட்டன. சாயத்தின் கதை எல்லாவற்றிலும் இருக்கிறது. தினமும் காலையில் ஜோலின் விண்ணப்ப நிலையைக் காட்டும் பக்கத்தைத் திறந்து பார்க்கிறாள். பதினேழு இடத்திலும் ஒரே வரி: கடிதம் வந்து சேரவில்லை.