முழுகாமலே முழுகாமல் இருந்தேன்

எங்கள் பக்கத்தில் ஒருத்தி உண்டாகியிருந்தால் அதை நேராகச் சொல்ல மாட்டோம். "முழுகாம கீறா" என்போம். மாதாமாதம் தலைக்குக் குளிப்பவள் இந்த மாதம் அந்தக் குளியலைக் குளிக்கவில்லை என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் ஏமாந்தேன். இப்போது நினைத்தாலும் சிரிப்புத்தான் வருகிறது.

கல்யாணமாகி, பழவேற்காடு ஏரிக்கு நடுவே தீவாக இருக்கும் பசியாவரத்துக்கு வந்து, ஊரே என் வயிற்றைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன பிறகுதான் என் மகள் பிறந்தாள். அவளுக்காக ஏரியைத் தாண்டிப் போய் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, வேண்டாத சாமி இல்லை. அப்படி வந்தவளுக்குப் பால் கொடுப்பதைவிடப் பெரிய வேலை எனக்கு எதுவும் இருக்கவில்லை. பழவேற்காட்டு மார்க்கெட்டில் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் மூடிப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் நண்டைத் தூக்கிக் காட்டுவேன். பேரம் பேசுகிறவர்கள் பேசட்டும்.

அவள் பிறந்து ஒரு வருஷம் தாண்டியும் எனக்குத் தலைக்குளியல் திரும்பவில்லை. ஊருக்கு வரும் நர்ஸ் என்னைப் பிடித்து உட்காரவைத்து எச்சரித்தார்.

"புள்ள சோறு துன்ன ஆரம்பிச்சிடிச்சி, ராவெல்லாம் தூங்குது. இனிமே பாலை நம்பிகினு இருக்காத. மொத ஆறு மாசம், வெறும் தாய்ப்பால் மட்டும் ராவும் பகலும் குடுத்துகினு, குளிக்காமலும் இருந்தாத்தான் அது காவல். அடுத்தது இப்ப வாணாம்னா சொல்லு, பால் குறையாத மாதிரி வழி கீது."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா சிஸ்டர் நீங்க? முழுகினாத்தான முழுகாம இருக்க முடியும்? நான் இன்னும் முழுகவே இல்ல" என்றேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "கருமுட்டை மொதல்ல வரும்மா. குளியல் அதுக்குப் பின்னாடிதான். அந்த மொத முட்டையே தங்கிடிச்சின்னா நீ எங்கேர்ந்து குளிப்ப?"

சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டேன். அத்தனை வருஷம் தவம் கிடந்தவளுக்கு, கேட்காமலே ஒன்று வந்து நிற்கும் என்றால் யார்தான் நம்புவார்கள்?

முதலில் கண்டுபிடித்தது என் மகள்தான். ஒரு வாய் குடிப்பாள், முகத்தைச் சுளிப்பாள், என்னை ஏற இறங்கப் பார்ப்பாள். ஒருநாள் "த்தூ" என்று துப்பியே விட்டாள். என் அத்தை, வீட்டுக்காரரின் அம்மா, உடனே குற்றவாளியைப் பிடித்துவிட்டாள். "நண்டு சூடு. அதத் துன்னுட்டுக் குடுத்தா பால் இன்னாத்துக்கு ஆவும்?" அன்றோடு எனக்கு நண்டுக் குழம்பு நின்றது. நண்டு விற்கிறவள் நண்டு தின்னக் கூடாதாம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அடுத்த சில நாளில், மார்க்கெட்டில் எறாக் கூடையைத் திறந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. கோட்டைக்குப்பத்தில் பிறந்து அந்த வாசத்திலேயே வளர்ந்தவள், மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். வழக்கமாக என்னிடம் நண்டு வாங்கும் டவுன் பாய் வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாமா, முழுகாம கீறியா?"

"நான் இன்னும் முழுகவே இல்லக்கா!"

வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். எனக்கு நர்ஸ் சொன்னது அப்போதுதான் உறைத்தது. நானும் சிரித்தேன். சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

மெடிக்கலில் கிட் வாங்கிப் பார்த்தேன். இரண்டு கோடு. ஏரியில் இருந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"யோவ், உம் பொண்ணு பாலை ஏன் துப்புறா தெரிமா?"

"அதான் நண்ட நிறுத்தியாச்சே, இன்னும் இன்னா?"

விஷயத்தைச் சொன்னேன். இன்ஜின் சத்தத்தையும் மீறிப் பக்கத்துப் படகுக்காரர்களைக் கூப்பிட்டு அவர் கத்திய கத்தலில் என் காது அடைத்துப்போனது.

அத்தையும் சூடம் கொளுத்திக் கும்பிட்டாள். பிறகு பேத்தியைப் பார்த்தாள்; முகம் சுருங்கிவிட்டது. "இன்னிக்கே பாலை மறக்கடிச்சிடு. வயித்துல ஒண்ண வெச்சிகினு குடுக்கற பால் ஆவாது, புள்ள எளச்சிச் சவலையாப் பூடும். நானே அப்பிடி சவலையா வளந்தவதான்."

தலையில் கூடையோடு ஏலக்காரரையே அதட்டி உட்காரவைக்கிறவள் அத்தை. இந்தச் சவலையைக் கண்டால் மார்க்கெட்டே நடுங்கும். ஆனாலும் அந்த வார்த்தை என்னைக் குத்திவிட்டது. பாலைக் கொடுத்தால் பிள்ளை சவலை, கொடுக்காவிட்டால் ஏங்கிச் சவலை. இத்தனை வேண்டிப் பெற்றவளை என் கையாலேயே வாட விடுவேனா என்று பயந்து செத்தேன். அத்தை சொன்னபடி வேப்பெண்ணெய் தடவியும் பார்த்தேன். மகள் அதை என் புடவையிலேயே துடைத்துவிட்டுக் குடித்தாள். முகத்தைச் சுளித்தபடிதான், ஆனால் விடுவதாக இல்லை.

அத்தையையும் கூட்டிக்கொண்டு படகேறி டாக்டரம்மாவிடம் போனேன். அவர் என்னைப் பரிசோதித்துவிட்டு, எந்தக் கோளாறும் இல்லை, தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். ரத்தம் பட்டாலோ வயிறு இழுத்துப் பிடித்தாலோ உடனே ஓடி வரச் சொன்னார். பால் குறையும், ருசியும் மாறும், அதனால் மகளுக்குச் சோறும் மீனும் முட்டையும் நன்றாகக் கொடுக்க வேண்டும், நானும் வயிறாரச் சாப்பிட வேண்டும் என்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அத்தைக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"நண்டு?"

"நல்லா சாப்பிடட்டும்மா."

அன்றைக்கே வீட்டில் நண்டுக் குழம்பு கொதித்தது. அதற்குப் பிறகு பேத்தியை அத்தை கையில் எடுத்துக்கொண்டாள். முள் பார்த்துப் பார்த்து எடுத்து, மீனைச் சோற்றில் பிசைந்து ஊட்டினாள். மகளுக்குக் கன்னம் உப்பியது. ஆனாலும் தினமும் என்னிடம் வருவாள், ஒரு வாய் குடிப்பாள், சுளிப்பாள், போவாள். கடைசியில் பால் அநேகமாக வற்றிய பிறகும் அந்த வருகை நிற்கவில்லை.

பையன் பிறந்தான். சின்னவனுக்கு முதலில், பெரியவளுக்கு அப்புறம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். பால் கட்டிக்கொண்டு சுரந்த நாளில் அத்தை மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தாள். "யம்மா, இன்னா கனம்! இடுப்பு ஒடியுதுடீ" என்று முனகிக்கொண்டே அவளைத் தூக்கிக் கட்டில்மேல் உட்காரவைத்தாள். தம்பி குடித்து முடித்துத் தூங்கிவிட்டான்.

மகள் மெதுவாக என் பக்கம் நகர்ந்தாள். வாய் வைப்பதற்கு முன்பே, வழக்கம்போல, முகத்தைச் சுளித்துத் தயாராக வைத்துக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள். சுளிப்பு அப்படியே நின்றது. இன்னொரு வாய் குடித்தாள். சுளிப்பு மெல்ல விரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் குடித்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னாள்:

"நல்லாகீது."