குழாயடியில் கேட்ட காதல்

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் போனில் காதல் கதை கேட்டுக்கொண்டு வந்தாள். முடிவில் எழுதியவர் பேரைச் சொன்னார்கள். என் சித்தி. அவளிடம் சொன்னேன்.

"அனுபவிக்காம இப்டி எழுத முடியாதுக்கா," என்று அவள் கண்ணடித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயதிலேயே கேட்ட பேச்சு.

அன்று சித்தியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வடக்குப்பட்டில் எங்கள் வீடெல்லாம் கேசரி வாசனை. சித்தியின் விரலில் இருந்த பேனா மையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துத் தேய்த்தே அம்மா விரலைச் சிவக்க வைத்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பையிலிருந்து சித்தியின் நாவலை எடுத்தாள்.

"இதெல்லாம் யார்கிட்ட கத்துக்கின?"

தெருக்குழாயில்தான். குடம் நிரம்புவதற்குள், "வூட்டுக்காரர் கோச்சிக்கினா யாருக்கா மொதல்ல பேசுவீங்க?" என்று சித்தி ஒவ்வொருத்தியாகப் பிடிப்பாள்.

"நான் ஏன்டி பேசறேன்? கொழம்புல உப்பு போடமாட்டேன். அதுவா வந்து பேசும்," என்பாள் ரோஸி அக்கா.

சித்தி இதைச் சொன்னாள். யாரும் நம்பவில்லை.

"இனிமே எழுதமாட்டா," என்று அப்பா அவளைக் கேட்காமலே வாக்குக் கொடுத்தார்.

"எழுதுவேன் மாமா," என்றாள் சித்தி.

கேசரியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்களும் அதையே கேட்டார்கள். நாலு வரி காதல் எழுதினால் ஒருத்தி கெட்டுப்போனவளா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

"அவங்களுக்கு லவ் மேரேஜாக்கா?" என்றாள் பக்கத்து சீட்டுப் பெண்.

"கல்யாணமே ஆகல."

"அப்புறம் எப்டி எழுதுறாங்க?"

"உக்காந்து," என்றேன்.