பொட்டு வைத்த மதர்போர்டு

நான் சித்தூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். என் கணினிக்கு, விண்டோஸுக்குப் பதில் நான் பயன்படுத்தும் லினக்ஸ் ஓடக்கூடிய புது மதர்போர்டு வாங்கத் திருப்பதிக்குப் போனேன். கடை நடத்தும் அமுதா புத்தூர்க்காரர்.

"சார், உங்க பென்டிரைவ்ல கீற லினக்ஸை இங்கயே ஓட்டிப் பாத்துட்டு எடுத்துக்கினு போங்க" என்றார்.

பூசை போடாமல் புதுப் பொருளுக்கு மின்சாரம் கொடுப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. மறுத்துவிட்டேன்.

வீட்டில் போர்டுக்குக் குங்குமப் பொட்டு வைத்துப் பொருத்தினேன். லினக்ஸ் ஓடியது, இணையம் மட்டும் வரவில்லை. கேபிளை மாற்றினேன், லினக்ஸை மறுபடி நிறுவினேன். ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் கணினியைத் தூக்கிக்கொண்டு போய், "கெட்டுப்போன போர்டை என் தலையில கட்டிட்டியே!" என்று நான்கு பேர் முன்னால் கத்தினேன்.

அமுதா தன்னிடமிருந்த விண்டோஸில் அதே கணினியை ஓட்டிக் காட்டினார். இணையம் வந்தது! எனக்குக் குழப்பம் இன்னும் கூடியது.

"போர்டு நல்லாத்தான் கீது சார். இதுல நெட்வொர்க் சிப் புதுசு. உங்க லினக்ஸ் பழசு, அதுக்கு இந்தச் சிப்பைத் தெரியல. பொட்டு வச்சதை மாத்தியும் தர முடியாது."

"இன்னா மாஸ்டாரு, சாமிக்குக் காட்டினீங்க, லினக்ஸுக்குக் காட்டலியே!" என்று அங்கிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார்.

அமுதாவே புதிய லினக்ஸை ஏற்றி இணையத்தை வரவழைத்தார். நன்றிகூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன். வழியில் பாகாலாவில் மனம் பொறுக்காமல் இறங்கி, திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"இதுக்கா சார் திரும்பி வந்தீங்க?" என்றார்.

நான் கத்தியதைக் கேட்ட நால்வரும் அப்போது அங்கே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இப்போது எதை வாங்கினாலும் கடையிலேயே ஓட்டிப் பார்க்கிறேன். பொட்டு அதற்குப் பிறகுதான்.