ஜீப்பின் திறப்பு

சீற் பெல்ற்றைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சுருண்டு கிடந்த பகுதியை மூக்கருகே கொண்டுபோய் அஸ்வர் நானா கண்ணை மூடிக்கொள்கிறார். வெள்ளத்தில் நின்ற வண்டியை எத்தனை தரம் கழுவினாலும் அந்த இடத்தில் சேற்று வாடை மிஞ்சும் என்பது அவர் அனுபவம். "மேலால சென்ற் அடிக்கலாம். உள்ளுக்குப் போய் ஆர் கழுவுறது?" என்பார்.

வவுனியா நெளுக்குளத்தில் பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் இவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். வண்டி திருத்தும் கராச்சை மூடிவிட்டார்; இப்போது வண்டி பார்த்துச் சொல்வது மட்டும்தான் தொழில். சொல்வதென்றால் வாயால் அல்ல. வண்டி சரியென்றால் அதன் திறப்பை, அதுதான் சாவியை, வாங்குபவர் கையில் கொடுப்பார். சரியில்லையென்றால் முன்மூடியான பொனற்றின் மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். விற்பவர் தலைகீழாக நின்றாலும் வைத்த திறப்பைத் திரும்ப எடுக்கமாட்டார். என்னுடைய வான் வண்டியை அப்படிப் பார்த்துத் தந்தவர். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் கூட வந்திருக்கிறேன்.

முன்பெல்லாம் நானாவின் வாயை மூட ஆளில்லை. வாகன இறக்குமதி நின்றிருந்த வருடங்களில் ஓடித் தேய்ந்த ஜீப்கூட மாதத்துக்கு மாதம் விலை ஏறியது. ஊரே அதைப் பவுன் மாதிரிப் பார்த்தது. தங்கையின் கணவர் ஜமால்தீன் ஜீப் வாங்க யோசனை கேட்டு வந்தபோது, "வாங்கி வைங்க மச்சான், ஏறுமே தவிர இறங்காது" என்று இவர் அடித்துச் சொன்னார். இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து, ஆறு வருடம் காடு வெட்டித் திருத்திய தன் வாப்பாவின் வயலை விற்று ஜமால்தீன் ஒரு ஜீப் வாங்கினார். பிறகு இறக்குமதி திறந்தது. புது வண்டிகள் வந்து இறங்க, பதினைந்து வயது ஜீப்பை ஏனென்று கேட்க ஆளில்லை. அது இப்போது மழைக்குப் போர்த்திய தறப்பாளின் கீழ் நிற்கிறது. ஜமால்தீன் தான் விற்ற வயலிலேயே கூலிக்கு வரம்பு கட்டுகிறார்.

அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் தோளில் கை வைத்து, "இப்ப என்ன விலை போகும் மச்சான்?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கைக்குப் பயந்து அஸ்வர் நானா மூன்று மைல் தள்ளியிருக்கும் வேறு பள்ளிவாசலுக்குப் போகிறார். யார் தோளைத் தொட்டாலும் திடுக்கிடுவார். நான் ஒருநாள் விளையாட்டாகத் தொட்டதில், அவர் தேத்தண்ணீர் முழுவதும் நான் கட்டியிருந்த சாரத்தில் கொட்டியது.

இன்றைக்கு மல்லாவியிலிருந்து தயாபரனும் மனைவி அமராவதியும் வந்திருக்கிறார்கள். வெள்ளை ஜீப், தோல் இருக்கை, பொத்தானை அமத்தினால் வண்டியே தன் உடம்பை உயர்த்திக்கொள்ளும் சொகுசு. திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்களை ஏற்றி ஓடலாம் என்பது தயாபரனின் எண்ணம். அமராவதியின் சீதன வயல் மூன்று ஏக்கரையும் வாங்க ஆள் பார்த்தாயிற்று. ஜீப் சரியென்றால் நாளைக்கு வயலின் விற்பனை உறுதி எழுதுவார்கள்.

பெல்ற்றில் வாடை இல்லை. ரயரில் பொறித்த வருடம் சரி. ஸ்ரியறிங்கின் தோல் தேய்ந்த அளவும் காட்டிய கிலோமீற்றரும் பொருந்தின. அஸ்வர் நானா வண்டியின் அடியில் கிடந்து நெடுநேரம் தேடினார். குறையொன்று அகப்பட்டிருந்தால் ஆறுதலாக எழும்பியிருப்பார். வெறுங்கையோடு எழும்பியவரின் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

"நானா, ஒண்டு கேக்கிறன்" என்றார் அமராவதி. "மூண்டு வருசம் ஓடிட்டு இதை வித்தா எங்கட வயலைத் திருப்பி வாங்கலாம்தானே?"

நானா கையிலிருந்த திறப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தக் கதை ஏனப்பா இப்ப?" என்று மனைவியை அடக்கிய தயாபரன், உரிமையோடு நானாவின் தோளில் கை வைத்தார். "வண்டி சரியோ எண்டதை மட்டும் சொல்லுங்கோ நானா."

நானா உடம்பு குலுங்கி விலகினார். விற்க வந்தவர் சிரித்தபடி நின்றார். தன் வண்டியில் பிழையில்லை என்று அவருக்குத் தெரியும். தயாபரன் திறப்புக்குக் கையை நீட்டினார். திறப்போடு நானாவின் கையும் அந்தக் கையை நோக்கிப் பாதித் தூரம் போனது.

பிறகு திரும்பி, திறப்பைப் பொனற்றின் மேல் வைத்தார். வழக்கம்போலக் கை கழுவப் போகவில்லை. மெழுகு பூசிய சரிவில் அது வழுக்கத் தொடங்க, உள்ளங்கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு, அமராவதியைப் பார்த்தபடி நின்றார்.